ஸ்ரீவராகத்துக்கு வந்த ஆலிவ் கட்டை

பெருஜா, இத்தாலி
3 நவம்பர் 2024

ஸ்ரீவராகத்தில் தனியாக ராஜ்யம் நடத்திக்கொண்டிருக்கும் என் அகத்துக்காரருக்கு, விஜயம் நமஸ்காரம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் மாளவிகா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை ஒரு பக்கம் தலையை நீட்டுகிறார், குழந்தை ஒரு பக்கம் வீல் என்கிறது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் புருஷனை நான் எப்படிச் சந்தேகப்படுவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீங்களும் கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

தன் பிரசவத்துக்குத் துணையாக வந்த என்னை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறாள் மாளவிகா. பிப்ரவரி முடிவதற்குள் அதற்குப் பேப்பர் போட வேண்டுமாம். நான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. உங்களைக் கேட்டால், ஏர்போர்ட்டில் சொன்ன அதே வார்த்தையைத்தான் போனிலும் சொல்கிறீர்கள்: "உன் இஷ்டம்." இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இது ஒரு பதிலா? வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருக்கிறேன். இரண்டும் இல்லாமல் இஷ்டமாம், இஷ்டம்!

இன்னொன்று. அடுத்த வீட்டு ரெம்யாவுக்குக் குழந்தையின் போட்டோ அனுப்பினேன். அதற்கு அவள், "மாமி, மாமாக்கு ஒந்நும் இல்ல, பேடிக்கண்டா" என்று பதில் போட்டிருக்கிறாள். நான் பயப்படவே இல்லையே! ஒன்றும் இல்லாத மனுஷனைப் பற்றி எதற்குப் பயப்படாதே என்று சொல்ல வேண்டும்? திருப்பிக் கேட்டால், சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு ஓடிவிட்டாள்.

மிலானில் படிக்கும் உங்கள் தங்கை பிள்ளை கௌசிக் லீவுக்கு அங்கே வருகிறான். அவன் கையில் ஒரு ஆலிவ் கட்டை கொடுத்தனுப்புகிறேன். பக்கத்துத் தோட்டத்து ஆல்டோ கொடுத்தது. காற்றில் விழுந்த பழைய மரம். போன வருஷமே அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசி வைத்திருந்தார். தேன் நிறத்தில், நடுவே மசியைக் கொட்டினாற்போல் கறுப்பு ரேகை ஓடும். உளி பட்டதும் பழுத்த பழமும் மிளகும் கலந்த மணம் எழும்பும். ஆனால் கோபக்கார மரம். கணு வருகிற இடத்தில் உளி ஒரு துள்ளுத் துள்ளும், அதற்கு முன்னாலேயே மணிக்கட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

உங்கள் லேத்தில் இதைப் போட்டு ஒரு சிமிழ் கடையுங்கள். எப்படி வந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். அந்த எழுத்திலிருந்தே நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவேன்.

விஜயம்


ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
22 நவம்பர் 2024

சௌபாக்கியவதி விஜயத்துக்கு, சந்தேகம் என்பது உன் பிறந்தகத்துச் சீதனம் மட்டும் இல்லை என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு சாம்பசிவன் எழுதுவது.

கட்டை வந்து சேர்ந்தது. கௌசிக், "மாமா, இந்தா ஒலிவ் தடி, மாமி தந்து விட்டது" என்று வாசலிலேயே வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டான். காப்பி வேண்டாம் என்று சொல்கிற பையனா அவன்? நான் எப்படி இருக்கிறேன் என்று உளவு பார்த்துச் சொல்லத்தான் நீ அவனை அனுப்பினாய் என்று தோன்றியது. சட்டையை மாற்றிக்கொண்டு, கம்பீரமாகத்தான் நின்றேன்.

சிமிழ் கடைந்தாகிவிட்டது. நீ எழுதிய கோபம் ஒன்றையும் காணோம். முள்ளங்கி சீவுகிற மாதிரி வந்தது. நிறம் வெளுப்பு. இளங்கிளையாக இருக்கும், உள்ளே போனால் கறுப்பு ரேகை வரும் என்று கடைந்து கடைந்து பார்த்தேன், வரவில்லை. ஆனால் மணம்! பழுத்த பழமும் மிளகும் கலந்த மணம், பட்டறை முழுக்க நிறைந்துவிட்டது. உன் ஆல்டோவுக்கு என் நன்றியைச் சொல்லு.

ஆல்டோ என்றதும்தான் கேட்கிறேன். கணுவுக்கு முன்னால் மணிக்கட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இது வேடிக்கை பார்த்தவள் எழுதுகிற வாக்கியம் இல்லை, கேட்டியா. நம் வீட்டில் பட்டறைப் பக்கம் வந்தால், "தூசி, தூசி" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் நீ. உனக்கு இந்த மணிக்கட்டு ஞானம் எங்கிருந்து வந்தது?

அப்புறம், இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு எனக்கு மரம்? ஊசி போடும்போது குழந்தை அழாமல் இருக்க மிட்டாய் கொடுப்பார்கள். ஒரு வருஷம் இருப்பதென்று நீயும் மாளவிகாவும் முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டீர்கள், சமாதானத்துக்குக் கட்டை வந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்துகொள். உன் இஷ்டம்.

ரெம்யா ஒரு வாயாடி. அவள் பேச்சை விடு.

சாம்பசிவன்


பெருஜா
10 டிசம்பர் 2024

என் மேல் துப்பறியக் கிளம்பியிருக்கும் மகானுக்கு,

வெளுப்பா? முள்ளங்கியா? நான் கொடுத்த கட்டையின் அறுத்த முகத்தைப் பார்த்தாலே கறுப்பு ரேகை தெரியும். உள்ளே போய்த் தேட வேண்டியதே இல்லை. அதைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம். கருங்காலியோடு போட்டிக்கு நிற்கும் மரத்தைப் போய் முள்ளங்கி என்கிறீர்கள்.

எனக்கு என்ன சந்தேகம் தெரியுமா? நீங்கள் லேத் பக்கமே போகவில்லை. கட்டை எங்கேயோ மூலையில் கிடக்கிறது. நீங்கள் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு மனசுக்குள்ளேயே ஒரு சிமிழைக் கடைந்து எனக்கு எழுதி அனுப்பிவிட்டீர்கள். உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது. ரெம்யாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முழங்காலா? கண்ணா? கை நடுங்குகிறதா? எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நடுங்கினதாகத் தெரியவில்லை. அதனால் சந்தேகம் கூடத்தான் செய்கிறது.

கடைந்தது உண்மையென்றால் அந்தச் சீவலில் ஒரு பிடி எடுத்துக் கவரில் போட்டு அனுப்புங்கள். பார்த்தால்தான் நம்புவேன்.

ஆல்டோவுக்கு எண்பது வயது. காது கேட்காது. உங்கள் நன்றியை நான் கத்திச் சொன்னதில் அவர் வீட்டு நாய் குரைத்தது. போதுமா?

உங்களிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். அது இந்தக் கடிதத்திலும் வரவில்லை.

விஜயம்


ஸ்ரீவராகம்
29 டிசம்பர் 2024

விஜயத்துக்கு,

இதோ சீவல். கவரைப் பிரித்துக் கொட்டி, பூதக்கண்ணாடியும் வைத்துப் பார். புருஷன் பேச்சை நம்பாமல் சாட்சிக்குச் சீவல் கேட்கிற பெண்டாட்டி இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள். மரம் மோசமென்றால் ஆல்டோவைப் பிடி. பாவம் கிழவர் என்று நீ நம்பினாய், அவர் ஏதோ மட்ட மரத்தை உன் தலையில் கட்டிவிட்டார்.

ஆல்டோவின் வயதை நான் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வீடியோவில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாயே, அப்போது உன் ஸ்வெட்டர் கையில் மரச்சுருள் ஒட்டியிருந்தது. பேசி முடிகிற வரைக்கும் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். மாளவிகா ஸ்பீக்கரில் போட்டால் என்ன, எனக்குக் கண் இருக்கிறது.

கண் இருக்கிறது, கை இருக்கிறது, முழங்காலும் நன்றாக இருக்கிறது. ரெம்யா விஷயம் ஒன்றுமே இல்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கி அடிப்பிடித்துவிட்டது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. "மாமா, எந்தோ கரியுந்நு!" என்று அவள் மதில் தாண்டி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பேப்பரில் மூழ்கினவனுக்குப் பால் கரிவது உலகத்தில் புதுசா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அங்கே லேத் கிடைத்திருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தோட்டத்து மரம், கேட்டபோதெல்லாம் கட்டை, பக்கத்திலேயே பேரன். நானாக இருந்தால் அந்த இடத்தை விட்டு வரமாட்டேன். பிறகு எந்த வாயால் நான் உன்னை வா என்று கூப்பிடுவது? அதனால்தான் உன் இஷ்டம் என்கிறேன். நீ அதைக் குத்தலாக எடுத்துக்கொள்கிறாய்.

சாம்பசிவன்


பெருஜா
17 ஜனவரி 2025

அகத்துக்காரருக்கு,

ஆமாம், லேத்தில் நிற்கிறேன். இப்போது அதற்கு என்ன?

ஒருநாள் ஆல்டோவின் ஷெட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். மனுஷன் உளியை என் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான். நீங்கள் இத்தனை வருஷத்தில் ஒரு தரம் நீட்டியிருக்கிறீர்களா? தூசி தூசி என்று நான் மூக்கைப் பொத்தினது நிஜம். பொத்திக்கொண்டு ஏன் வாசலிலேயே நின்றேன் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். சீவல் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு முகத்தில் வந்து விழும். கையெல்லாம் எண்ணெய்ப் பசை. ரேகை நேராகப் போகவே போகாது, எங்கேயோ ஒரு கணுவைச் சுற்றிவிட்டு வரும். அது எப்படி வரும் என்று கடைகிற வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது. முடித்த பிறகு அதன் சீவலையே ஒரு பிடி அள்ளி, ஓடுகிற கிண்ணத்தின் மேல் அழுத்தினால் போதும், மெழுகு போடாமலே மின்னும். அவமானமும் நிறையப் பட்டாயிற்று. முதல் கிண்ணத்தை ஆசையாக மெல்லிசாகக் கடைந்தேன், காய்வதற்குள் வாயைப் பிளந்துவிட்டது. இரண்டாவதைத் தடியாகக் கடைந்து, சீவலில் புதைத்து, காகிதப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். மாசக்கணக்கில் அதைத் தொடக்கூடாதாம். மூன்றாவதில் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தேன், சூடேறி மயிரிழை மயிரிழையாக வெடித்தது. சூடு ஏறும்போதே வாசனை மாறிவிடும், மூக்கைத் தீட்டி வைத்துக்கொள் என்று ஆல்டோ ஜாடையில் சொல்லிக்கொடுத்தார்.

கையில் பிடித்தவளானதால்தான் உங்கள் கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. அது ஆலிவ் இல்லை. கௌசிக்கைப் போனில் பிடித்து உலுக்கினேன். கக்கிவிட்டான்.

"மாமி, பேக்ல வெய்ட் கூடிப்போச்சு. ரெண்டு ஜோடி ஷூ இருந்தது. அந்தத் தடிய ரூம்லயே வெச்சுட்டேன். ஊருக்குப் போய் ஃபிரெண்டு செல்வின்ட்ட சொன்னேன், வித்துரால அவா வீட்டு முற்றத்துல ஒலிவ் மரம் நிக்கறதாக்கும். ஒரு கொம்பு வெட்டித் தந்தான். ஒலிவ் ஒலிவ்தானே மாமி? நாம உப்புல போட்டுத் திங்கறதுதானே?"

காரக்காய்! நம் ஊரில் காரக்காயை உப்புத் தண்ணீரில் போட்டு, பாட்டிலில் 'ஒலிவ்' என்று எழுதி விற்பதைத் தின்று வளர்ந்த பிள்ளை. இரண்டும் ஒன்று என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருக்கிறான். காரமரத்துக்கும் ஆலிவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீங்கள் ஆல்டோவைச் சந்தேகப்பட்டீர்கள், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் இரண்டு ஜோடி ஷூ.

சிரித்து முடித்த பிறகுதான் உங்கள் சீவலை மறுபடி கையில் எடுத்தேன். காரமரத்துக்கு மணமே இல்லை. உங்கள் சீவலை நான் முகர்ந்து பார்த்தேன். மாளவிகா முகர்ந்து பார்த்தாள். ஆல்டோ மூக்குக்குள்ளேயே திணித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நீங்கள் மட்டும், பழுத்த பழமும் மிளகும் கலந்த மணம் என்று நான் எழுதினதையே ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கூடக் கிடையாது. பால் கரிந்தது மதிலுக்கு அந்தப்புறம் இருக்கிறவளுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. பேப்பராம், பேப்பர்! சத்தியமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா? எத்தனை நாளாக?

நீங்கள் தனியாகக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறீர்கள் என்று நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடவில்லை.

விஜயம்


ஸ்ரீவராகம்
5 பிப்ரவரி 2025

விஜயத்துக்கு,

தெரியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின கர்க்கடகத்தில், ஆடி மழையில், ஒரு காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? காய்ச்சல் இறங்கிப் போனது, மூக்கையும் கூட அழைத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டரைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். உப்பு, புளி, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிகிறது. பெருங்காயம், நெய், கற்பூரம், மரம், ஒன்றும் கிடையாது. கேஸுக்கு ரெம்யா ஒரு அலாரம் வாங்கி மாட்டியிருக்கிறாள். அது அப்பளம் பொரித்தாலும் அலறுகிறது.

முதலில் தானாகத் திரும்பிவிடும் என்று இருந்தேன். பிறகு நீ கிளம்பும்போது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? மாளவிகா பிரசவத்துக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாய். பெண்ணுக்கு முதல் பிரசவம். அதனால்தான் சொல்லவில்லை. அதற்கு என்னைத் திட்டினால் திட்டிக்கொள், மறுபடியும் அப்படித்தான் செய்வேன்.

இனி நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக, "ரசம் மணக்கிறது", "இன்னிக்கு டிகாக்‌ஷன் பிரமாதம்" என்றெல்லாம் சொன்னீர்களே, அத்தனையும் பொய்யா என்பாய். பொய் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ரசம் நன்றாக வந்த அன்றைக்கு நீ கரண்டியை வைக்கும்போதே ஒரு மாதிரி நிமிர்ந்து நிற்பாய். பிசகின அன்றைக்கு என்னைப் பார்க்காமல் பரிமாறுவாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருநாளும் மாட்டிக்கொள்ளாமல் காலம் தள்ளிவிட்டேன். கடிதத்தில் முகம் இல்லை, விஜயம். நீ எழுதினதை நம்பி எழுதினேன், மாட்டிக்கொண்டேன்.

பட்டறையில்தான் கஷ்டம். தேக்கு எது, பலா எது என்று முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது உப்புத்தாள் போட்டால் கட்டை தீய்கிறதா என்று நிறுத்தி நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறேன். கடைகிற கையே மறந்துவிடும் போலிருக்கிறது. உன் கடிதத்தில் சீவல் முகத்தில் விழுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

மூக்குக்காக நீ வரவேண்டாம். மூக்கில்லாதவனுக்குச் சமைத்துப் போட ஒருத்தி என்று யாரும் வரவேண்டாம். அதையும் சேர்த்து, உன் இஷ்டம் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. எனக்கு நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. வந்துவிடு. லேத்துக்கு முன்னால் நீ நில். நான் வாசலில் நின்றுகொள்கிறேன்.

சாம்பசிவன்


பெருஜா
19 பிப்ரவரி 2025

அகத்துக்காரருக்கு,

பேப்பர் போடவேண்டாம் என்று மாளவிகாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பா என்ன எழுதினா?" என்று துளைத்து எடுக்கிறாள். கடிதத்தைக் காட்டமாட்டேன் என்றதும் மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. மார்ச் இரண்டாவது வாரம் புறப்படுகிறேன்.

புடவைகளை எல்லாம் இங்கேயே விட்டுவிட்டு, பெட்டியில் கடைந்ததையும் கடையப்போவதையும் அடுக்கியிருக்கிறேன். கட்டைகளின் பட்டையெல்லாம் உரித்து, ஆல்டோ சூளையில் வைத்து உலர்த்திக் கொடுத்தார். கௌசிக் தானும் கூட வந்து பெட்டி தூக்குகிறேன் என்றான். அவனை நம்பி இனிமேல் ஒரு தீக்குச்சி கூட அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் வருகிற வரைக்கும் அடுப்பைத் தொடாதீர்கள். ரெம்யா அகத்தில் சாப்பிடுங்கள், அவளிடம் பேசியாகிவிட்டது. அவள் பங்குக்கு, "மாமி, இப்ப பேடிச்சா மதி" என்றாள், இனிமேல் பயந்தால் போதுமாம்.

உங்கள் கடிதத்தை நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்கிறீர்கள். சரி, ரசத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். காப்பிக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் போன வருஷம், சுவாமி கடலாடப் போகிற பைங்குனி ஆறாட்டு பார்க்கப் புறப்பட்டோமே, அன்றைக்கு நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளிருந்து அப்போதுதான் வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிச்சிப்பூ வெச்சிண்டு வந்துட்டியா, போலாமா?" என்று கேட்டீர்கள். பூ வாங்கினது உங்களுக்குத் தெரியாது. மூக்கு போய் அப்போது எட்டு மாசம். முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதீர்கள். நான் வந்ததும், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கேட்பேன். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல விடமாட்டேன்.

விஜயம்